விலைக்கு விற்கும் பிளவுஸ் பேட்டர்ன் பிடிஎஃப் கோப்புகளை நகலெடுப்பிலிருந்து காப்பது எப்படி?

மேலூர்த் தையல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேலூரில் பதினான்கு ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்து வருகிறேன். சென்ற ஆண்டு முதல் பிளவுஸ் பேப்பர் பேட்டர்ன்களைக் கணினியில் வரைந்து, பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப் வழியே விற்கிறேன். 32 முதல் 44 வரை ஏழு அளவுகள் உள்ளன. ஒவ்வோர் அளவுக்கும் முன்பாகம், முதுகு, கை, பட்டி எனத் தனித்தனி வரைபடம் இருக்கும். ஏ4 தாளில் அச்சிட்டு, ஓரங்களை ஒட்டி, வெட்டித் துணிமேல் வைத்துக்கொள்ளலாம். தொகுப்பின் விலை 149 ரூபாய். 40 அளவில் கை பொருத்தும் ஆர்ம்ஹோல் வளைவை மட்டும் ஒன்பது முறை தைத்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன்.

விற்பனை தொடங்கிய இரண்டாம் வாரமே, முழுத் தொகுப்பும் ஒரு டெலிகிராம் குழுவில் இலவசமாக வந்துவிட்டது. முதல் பக்கத்தில் இருந்த என் கடைப் பெயரை வெட்டி எடுத்துவிட்டு, மற்றவற்றை அப்படியே போட்டிருந்தார்கள். அதன்பின் அச்சிட முடியும், ஆனால் திருத்தவோ பிரதி எடுக்கவோ முடியாது என்ற அமைப்பில் பூட்டுப் போட்டு விற்றேன். பத்து நாளில் அதுவும் பூட்டில்லாமல் அதே குழுவில் கிடந்தது. என் அப்பா மதுரைப் புது மண்டபத்தில் தைத்தவர். கட்டிங் மாஸ்டர் துணியில் சாக்கட்டி போடும்போது தொழில் பழக வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வார் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. உழைப்புக்கு 149 ரூபாய் கேட்கிறேன், அவ்வளவுதான். இதைக் காக்க உண்மையில் வழி இருக்கிறதா என்பதை விவரம் தெரிந்தவர்கள் கூற வேண்டும்.

புதூர் நிரலர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் போட்ட பூட்டு ஏன் நிற்கவில்லை என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதே பூட்டை நம்பிப் பலரும் ஏமாறுகிறார்கள்.

பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 2008இல் அது பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அதில் இரண்டு வகைக் கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று கோப்பைத் திறப்பதற்கானது. மற்றொன்று அச்சிடலாமா, பிரதி எடுக்கலாமா, திருத்தலாமா என்ற அனுமதிகளை மாற்றுவதற்கானது. நீங்கள் இரண்டாவதை மட்டும் போட்டிருக்கிறீர்கள். அந்நிலையில் கோப்பு யாரிடமும் எதுவும் கேட்காமல் திறந்துவிடும். திறக்க வேண்டுமென்றால், உள்ளே இருப்பதைப் படிப்பதற்கான சாவியும் கோப்போடு சேர்ந்தே வந்தாக வேண்டும். ‘பிரதி எடுக்கக் கூடாது’ என்பது படிக்கும் மென்பொருளுக்கு நாம் எழுதிவைக்கும் ஒரு வேண்டுகோள் மட்டுமே. மதிக்கிற மென்பொருள் மதிக்கும். மதிக்காததற்கு ஒரு நொடி வேலை.

திறக்கும் கடவுச்சொல் அப்படிப்பட்டதல்ல. புதிய தரத்தில் 256 பிட் ஏஇஎஸ் என்ற வலிய மறையாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் முறை, இருக்கிறது. நீளமான கடவுச்சொல்லாக வைத்தால் வெளியார் உடைப்பது நடைமுறையில் இயலாது. ஆனால் உங்கள் தொல்லை வெளியாரால் வருவதன்று. பணம் கொடுத்து வாங்கியவருக்கு நீங்களே கடவுச்சொல்லைக் கொடுக்கிறீர்கள். அவர் கோப்பை அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்பிவிட்டால், எவ்வளவு வலிய மறையாக்கமும் அங்கே முடிந்துவிடுகிறது.

சிம்மக்கல் பயிற்றுநர் எழுதியது:

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கான குறிப்புகளை விற்கும் நானும் இந்த வழியாக நடந்து வந்தவன்தான். செயலிக்குள் மட்டும் படிக்கும்படி, திரைப்பிடிப்பு எடுத்தால் கறுப்பாகத் தெரியும்படி ஏற்பாடு செய்தேன். ஆண்ட்ராய்டில் அதற்கு வசதி இருக்கிறது, அது சொன்னபடி வேலையும் செய்தது. ஆனால் ஒருவர் தம் கைபேசித் திரையை இன்னொரு கைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, 180 பக்கங்களையும் கோத்துப் பிடிஎஃப் ஆக்கிவிட்டார். அந்தப் படங்களில் ஒன்றில் அவருடைய கட்டைவிரல் கூடத் தெரிந்தது.

அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. பேரையூர்ப் பக்கமிருந்து படிக்கும் ஒரு மாணவி, வீட்டில் சிக்னல் வராததால் செயலி திறக்கவில்லை என்றும், குறிப்புகளைத் தாளில் எடுத்துப் படித்தால்தான் மனத்தில் நிற்கிறது என்றும் எழுதியிருந்தார். பணம் கட்டிய அவருக்குப் படிக்கக் கிடைக்கவில்லை; கட்டாதவர்கள் டெலிகிராமில் எடுத்துத் தாராளமாக அச்சிட்டுப் படித்தார்கள். அன்றே அந்தச் செயலி முறையைக் கைவிட்டேன்.

மேலூர்த் தையல் எழுதியது:

ஐயா, என் தொழிலுக்கும் அந்த முறை பொருந்தாது. பேட்டர்ன் என்பது திரையில் பார்ப்பதற்கானதே அல்ல. முதல் தாளின் மூலையில் ஒரு இஞ்ச் சதுரம் ஒன்று போட்டிருக்கிறேன். அச்சிட்டதும் டேப்பை வைத்து அதைத்தான் முதலில் அளக்க வேண்டும். ‘தாளுக்குப் பொருத்துக’ என்ற அமைப்பில் அச்சுப்பொறி நான்கு விழுக்காடு சுருக்கிவிட்டால், 36 இஞ்ச் மார்பளவில் ஏறத்தாழ ஒன்றரை இஞ்ச் குறைந்துவிடும். கொக்கி மாட்டவே முடியாது. அச்சிடுவதைத் தடுக்கிற அல்லது அளவை மாற்றுகிற எந்தப் பாதுகாப்பும் என் பொருளையே கெடுத்துவிடுகிறது.

திருமங்கலத்துக்காரி எழுதியது:

அக்கா, இந்த இழையைப் படித்தபின் மனம் கேட்கவில்லை, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உங்களிடம் 38 அளவுக்காக வாங்கினேன். என் நாத்தனாருக்கும் அதே கோப்பை அனுப்பினேன். பழுப்புத் தாளில் வெட்டிய பேட்டர்னாக இருந்தால், ஆணியில் தொங்குவதை எடுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வேன். அதே நினைப்பில்தான் இதையும் செய்தேன். அவர் யாருக்காவது அனுப்பினாரா என்பது எனக்குத் தெரியவில்லை. இது தவறென்றால் அவருக்கான 149 ரூபாயையும் நானே கட்டிவிடுகிறேன்.

மேலூர்த் தையல் எழுதியது:

தங்கச்சி, பணம் வேண்டாம். ஒரு வீட்டுக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று நான் கோப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் குறை. பழுப்புத் தாளை இரவல் கொடுத்தால் உங்கள் ஆணி காலியாகிவிடும், அதனால் அது திரும்பி வருகிறது. கோப்பை அனுப்பினால் உங்களிடமும் இருக்கும், அவரிடமும் இருக்கும், அவர் அனுப்பும் பத்துப் பேரிடமும் இருக்கும். அந்த வேறுபாட்டை நானும் வாடிக்கையாளர்களும் இன்னும் பேசித் தெளிந்துகொள்ளவில்லை.

உலகனேரி வழக்கறிஞர் எழுதியது:

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகத் தருகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் வரைந்த அன்றே, எழுதிய அன்றே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆயினும் வழக்கு என்று வரும்போது பதிவேட்டுக் குறிப்பு முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும் என்பதால், இலக்கியப் படைப்புக்கான 500 ரூபாய்க் கட்டணத்தில் செய்முறை விளக்கப் பக்கங்களைப் பதிவு செய்துகொள்வது பயனுள்ளது.

அறிந்தே உரிமையை மீறுவோருக்கு 63ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக ஆதாயமில்லாமல் செய்திருந்தால் நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். இக்குற்றம் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடியது என்பதை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் தெளிவுபடுத்தியது. 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே உரிமை வழக்குத் தொடரலாம். அனுப்பியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கே போய்த்தான் தொடர வேண்டும் என்பதில்லை.

2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த இரண்டு பிரிவுகள் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது 65ஏ பிரிவின்கீழ் குற்றம். படைப்பாளியின் பெயர், உரிமையாளரின் முகவரி, பயன்பாட்டு நிபந்தனை போன்ற குறிப்புகளை அறிந்தே நீக்குவதும் மாற்றுவதும் 65பி பிரிவின்கீழ் குற்றம். இரண்டுக்கும் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உங்கள் கடைப் பெயரை வெட்டியெடுத்தது இந்த இரண்டாம் வகை. இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று இருக்கிறது: பயனரை அடையாளம் காண்பதற்கான ஏற்பாடுகள் இந்தக் குறிப்புகளில் அடங்கா என்று சட்டத்தின் வரையறையே சொல்லிவிடுகிறது. ஆகவே வாங்கியவரின் பெயரை மட்டும் அச்சிட்டிருந்து, அதை ஒருவர் அழித்தால், 65பி உதவாது. ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் பெயரும் நிபந்தனையும் இருப்பது அதனால்தான் முக்கியம்.

உடனடித் தேவை, அந்தக் குழுவிலிருந்து கோப்பை நீக்குவது. 52ஆம் பிரிவின்படியும் 2013ஆம் ஆண்டு விதிகளின்படியும் எழுத்துமூலம் முறையிட்டால் டெலிகிராம் போன்ற இடைநிலையாளர் 36 மணி நேரத்துக்குள் அந்தக் கோப்பை யாரும் அணுக முடியாதபடி நிறுத்த வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். படைப்பு எது, உரிமை உங்களுடையது என்பதற்குச் சான்று எது, மீறல் எந்த இணைப்பில் உள்ளது என்பவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். பெயர் மறைத்துக் குழு நடத்துபவர்களைக் கண்டுபிடிக்க முடியாது என்று சோர்ந்துவிட வேண்டாம். பாடப் பொருள்கள் டெலிகிராமில் பரவியது பற்றிய ஒரு வழக்கில், அக்குழுக்களை நடத்துவோரின் விவரங்களைத் தருமாறு 2022 ஆகஸ்டு 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு ஆணையிட்டது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உங்கள் கோப்பைப் பரப்புவதைத்தான் தடுக்கலாம். பிரின்சஸ் கட் என்ற தைக்கும் முறை எவருக்கும் உரியதன்று. தொழிற்சாலை முறையில் உருவாகும் வடிவமைப்புகளுக்கு 15ஆம் பிரிவில் தனிக் கட்டுப்பாடு இருப்பதால், உங்கள் வழக்கை விளக்க எழுத்தையும் கோப்பின் நகலையும் மையமாக வைத்து அமைப்பதே பாதுகாப்பானது.

மேலூர்த் தையல் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. முறையீட்டை எழுதி அனுப்பிவிட்டேன். வாங்கியவரின் பெயரை அச்சிடுவது பற்றி நீங்கள் குறிப்பிட்டதால், இதுவரை இங்கே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

பூட்டுக்குப் பிறகு நான் எடுத்த மூன்றாவது முயற்சி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாங்கியவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் சாம்பல் நிறத்தில் குறுக்காக அச்சிட்டதுதான். தன் எண் இருக்கும்போது யாரும் பரப்பமாட்டார்கள் என்று நினைத்தேன். உசிலம்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து வாங்கிய ஒரு பெண்ணின் கோப்பு வெளியே போய்விட்டது. பெயரும் எண்ணும் இருபத்தெட்டுப் பக்கங்களிலும் இருந்தன. இரவு பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் முகம் தெரியாத ஆண்கள் அவருக்குப் போன் செய்யத் தொடங்கினார்கள். வீட்டில் சந்தேகப் பேச்சு வரை போய், கடைசியில் அவர் எண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று. அவர் கோப்பை யாருக்கும் அனுப்பவில்லை. அச்சிடுவதற்காக ஒரு கணினி மையத்தின் எண்ணுக்கு அனுப்பியிருந்தார், அவ்வளவே. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “உங்கள் தாளைக் காக்க என் நம்பரையா போட்டீர்கள்?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

தல்லாகுளம் ஜெராக்ஸ் எழுதியது:

அந்த மையம் என்னுடையது இல்லை, ஆனால் என் கடையிலும் அது நடந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு எங்கள் கடை வாட்ஸ்அப்பில் நூற்றுக்கு மேற்பட்ட கோப்புகள் வருகின்றன: ஆதார், மதிப்பெண் பட்டியல், பத்திரம், தேர்வுக் குறிப்புகள், இப்போது உங்களைப் போன்றோரின் பேட்டர்ன்கள். எல்லாம் டவுன்லோடு கோப்புறையில் சேர்ந்துகொண்டே போகும். வேலைக்கு வரும் பையன் ஒரு பென்டிரைவைச் செருகினால், மூன்று மாதத்துக் கோப்புகளையும் ஒரே நேரத்தில் எடுத்துப் போய்விட முடியும். சிலரோ மெயிலைத் திறந்துவிட்டு, வெளியேறாமலேயே எழுந்து போய்விடுகிறார்கள்.

சென்ற வாரம் முதல், கடையை அடைக்கும்போது அந்தக் கோப்புறையும் வாட்ஸ்அப் உரையாடல்களும் தாமாக அழியும்படி ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். வாடிக்கையாளர்களும் ஒன்று செய்யலாம்: அச்சிட்ட உடனே, அனுப்பிய செய்தியை ‘அனைவருக்கும் நீக்கு’ என்று நீக்குங்கள்; பிறகு கடைக்காரரிடம் கணினியில் இறங்கிய பிரதியையும் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். செய்தியை நீக்கினால் மட்டும் கணினியில் இறங்கியது போய்விடாது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், நாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டோம்.

புதூர் நிரலர் எழுதியது:

சகோதரி எழுதியதைப் படித்தபின், குறியிடும் முறையைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். குறி தேவைதான், ஆனால் அது உங்களுக்கு மட்டும் பொருள் தர வேண்டும். கைபேசி எண்ணுக்குப் பதிலாக ‘எம்372’ போன்ற ஆணை எண்ணை (ஆர்டர் நம்பரை) மட்டும் அச்சிடுங்கள். அது யாருடையது என்ற பட்டியல் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் ரிப்போர்ட்லேப், பைபிடிஎஃப் என்ற இலவசத் தொகுப்புகளை வைத்து, ஆணை எண்ணைக் கொடுத்தால் அந்த வாடிக்கையாளருக்கான கோப்பு உருவாகும்படி ஒரு சிறு நிரல் எழுதி அனுப்புகிறேன்.

மேலே அச்சிடும் எண்ணை அழிப்பது எளிது. ஆகவே வரைபடத்துக்குள்ளேயே இன்னொரு குறியும் இருக்கட்டும். வெட்டும் கோட்டைத் தொடக் கூடாது, அளவு கெடும். ஆனால் துணியின் நேர் இழையைக் காட்டும் அம்பு சற்று மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் தைப்பவருக்கு ஒன்றுதான். மடிப்புக் கோட்டின் புள்ளிகளுக்கு இடையிலான இடைவெளி, ‘கை’ என்ற சொல் நிற்கும் இடம், சோதனைச் சதுரத்துக்கும் தாளின் ஓரத்துக்கும் உள்ள தூரம், பக்க எண்ணின் இடம் ஆகியவையும் அப்படியே. இந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள் வைத்தால் 1,024 வேறுபட்ட கோப்புகள் கிடைக்கும். அச்சிட்டு, மறுபடி படம் பிடித்துப் பரப்பினாலும் இவை அழியா. இரண்டு பேர் தம் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும் என்ற குறை இதற்கு உண்டு. 149 ரூபாய்ப் பொருளுக்கு அவ்வளவு மெனக்கெடுபவர்கள் அரிது.

குறியைக் கண்டுபிடித்தவுடன் அவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோப்பு எந்தக் கையிலிருந்து புறப்பட்டது என்பதை மட்டுமே குறி சொல்லும். உசிலம்பட்டிப் பெண்ணின் கதையே அதற்குச் சான்று.

நாகமலை வாசகர் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. நம் ஊர்ப் பெயரிலேயே, 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் தட்டெழுதி உலகுக்கே இலவசமாகக் கொடுத்தது. அறிவைப் பூட்டுவது நம் மரபில் இல்லை. தையலும் அறிவுதானே?

மேலூர்த் தையல் எழுதியது:

அந்தத் தொகுப்பில் படித்தவள்தான் நானும், ஐயா. அங்கே தட்டெழுதியவர்கள் தாமாக மனம் உவந்து கொடுத்தார்கள். நானும் அளவெடுக்கும் முறை, உடலுக்குப் பொருந்தத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் பிடிக்கும் முறை எல்லாவற்றையும் காணொளியில் இலவசமாகத்தான் சொல்லித் தருகிறேன். எதைக் கொடுப்பது, எதை விற்பது என்பதை உழைத்தவள் முடிவு செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். என் பெயரை வெட்டிவிட்டுக் கொடுப்பதை எந்த மரபிலும் கொடை என்று சொல்ல முடியாது.

சிம்மக்கல் பயிற்றுநர் எழுதியது:

பூட்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று. விற்பவரின் சேவையகத்தை (சர்வரை) இணையம் வழியே கேட்டுத் திறக்கும் கோப்புகள், அந்தக் கடை இருக்கும் வரைதான் திறக்கும். மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது, வாங்கியவர்களின் நூல்கள் அவ்வாண்டு ஜூலையில் திறக்காமல் போயின. நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. என் மாணவர்களுக்கு இப்போது சாதாரண பிடிஎஃப் கொடுத்து, நடப்பு நிகழ்வுகளை மாதந்தோறும் திருத்தி, கட்டியவர்களுக்கு மட்டும் அனுப்புகிறேன். பரவிய பிரதி இரண்டு மாதத்தில் பழையதாகிவிடுகிறது.

மேலூர்த் தையல் எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். டெலிகிராமில் இருந்த கோப்பு நீக்கப்பட்டது. இன்னொரு குழுவில் வந்தது, அதற்கும் முறையிட்டிருக்கிறேன். புதூர் அண்ணன் எழுதித் தந்த நிரலில், கைபேசி எண் இல்லாமல் ஆணை எண் மட்டும் போட்டு 61 கோப்புகளை விற்றிருக்கிறேன். அவற்றில் ஒன்று வெளியே வந்தது. ஆணை எண்ணையும் பக்க எண்ணையும் அழித்திருந்தார்கள். ஆனால் அம்பும் மடிப்புக் கோடும் மற்ற இரண்டு குறிகளும் சேர்ந்து எந்த ஆணை என்று காட்டிக் கொடுத்துவிட்டன. அந்த வாடிக்கையாளரைப் போனில் கூப்பிட்டு, குற்றம் சாட்டாமல், எங்கே அச்சிட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் தையல் வகுப்புக் குழுவில் தானே போட்டதாகச் சொல்லி அழுதுவிட்டார். குழுவிலிருந்து நீக்கினார். அந்த வகுப்பு ஆசிரியை இருபது பேருக்குச் சேர்த்து விலை குறைத்துத் தர முடியுமா என்று கேட்டார். தலைக்கு 60 ரூபாய்க்குக் கொடுத்தேன்.

பயிற்றுநர் ஐயா சொன்ன திருத்த முறையையும் தொடங்கிவிட்டேன். 42 அளவில் கையின் மேல் வளைவு அரை இஞ்ச் இறுக்கமாக இருப்பதாக மூன்று பேர் எழுதியிருந்தார்கள். தைத்துப் பார்த்தேன், உண்மைதான். திருத்திய கோப்பை இதுவரை வாங்கிய அனைவருக்கும் நேற்று அனுப்பினேன், உசிலம்பட்டிப் பெண்ணுக்கும் அவருடைய புதிய எண்ணைக் கேட்டு அனுப்பினேன். பழைய 42 கைத் தாளை வெட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கழித்துவிடுங்கள். புதியதை அச்சிட்டதும், துணியில் வைப்பதற்கு முன் மூலையில் உள்ள ஒரு இஞ்ச் சதுரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள்.